மண் தந்த மருந்து: டாக்டர் சுப்பாராவின் வாழ்க்கை

நோய் வந்தால் மருந்து உண்கிறோம். நோய் தீர்ந்ததும் மருந்தை மறந்துவிடுகிறோம். ஆனால் உண்ட மருந்து முழுவதும் உடலுக்குள்ளேயே தீர்ந்து போவதில்லை. அதில் ஒரு பகுதி, சில மருந்துகளில் பெரும்பகுதி, உருமாறாமலேயே சிறுநீரில் வெளியேறிக் கழிவுநீரில் கலக்கிறது. கழிவுநீர் ஆற்றைச் சேர்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள லங்காட், கோம்பாக் முதலிய ஆறுகளின் நீரைச் சோதித்த நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே மருந்துகளின் சுவடுகளைக் கண்டிருக்கிறார்கள். அளவு மிகச் சிறிது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு துளியைக் கொண்டு கணக்கிட வேண்டிய அளவு. ஆயினும் அது நாள்தோறும் வந்து சேர்கிறது.

இந்த மருந்துக் கழிவை மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டே சிதைக்க முடியுமா என்று உலகெங்கும் ஆராய்கிறார்கள். இக்கேள்வியின் பொருளை உணர வேண்டுமானால், மண் பாக்டீரியாவிலிருந்து மருந்து எடுத்த ஒருவரின் வாழ்க்கையை முதலில் அறிவது நல்லது. அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். சென்னை மாநகரம் வளர்த்தெடுத்தவர். அமெரிக்காவில் பணியாற்றி அங்கேயே மறைந்தவர். அவர் ஆய்வின் பயனை அடையாத வீடு இன்று உலகில் அரிது.

காசிக்குப் புறப்பட்ட சிறுவன்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு பணியில் இருந்தவர். தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவர், வருமானமோ குறைவு. வறுமை அந்த வீட்டை விட்டு அகலவே இல்லை.

பதின்மூன்று வயதில் சுப்பாராவ் வீட்டைவிட்டு ஓடினார். காசிக்குச் சென்று அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்ப்பது அவருடைய திட்டம். வழியிலேயே பிடித்து அழைத்து வந்துவிட்டார்கள். பின்னர் தந்தையும் மறைந்தார். மகனைப் படிக்க வைத்தே தீருவது என்று தாயார் உறுதியாக நின்றார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்ற சுப்பாராவ், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முறை தேறினார். தேர்வில் தோற்றவர் வாழ்க்கையிலும் தோற்றவர் என்று நினைக்கும் மாணவர்கள் இதனை நினைவில் கொள்ளலாம்.

மாநிலக் கல்லூரியில் படித்த காலத்தில் அவர் மனம் இராமகிருஷ்ண மடத்தை நாடியது. துறவு பூண விரும்பினார். தாயாரின் இசைவு கிடைக்கவில்லை. துறவிக்கும் மருத்துவம் தெரிந்திருந்தால் மக்களுக்குத் தொண்டு செய்ய உதவும் என்ற எண்ணத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் படிப்புச் செலவுக்கு உதவினர். அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் பின்னர் மணந்து கொண்டார்.

கதராடையின் விலை

அது காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம். அந்நியத் துணியைத் துறந்த சுப்பாராவ், அறுவை சிகிச்சைக் கூடத்திலும் கதராலான மேலங்கியையே அணிந்தார். அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயருக்கு இது பிடிக்கவில்லை. படிப்பை நன்றாக முடித்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடத் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணிக்கான வழி அடைபட்டது. சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்தி வந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

இதற்கிடையே அவர் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் அவருடைய சகோதரர் இருவரை அடுத்தடுத்துக் கொண்டு போயிற்று. உண்ட உணவின் சத்தை உடல் ஏற்காமல், வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் சேர்ந்து ஆளை உருக்கிக் கொல்லும் வெப்பமண்டல நோய் அது. மேனாட்டு மருத்துவம் படித்த தம்பியால் அண்ணனைக் காக்க இயலவில்லை. பின்னர் அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் உயிர் பிழைத்தார். வெப்பமண்டல நோய்களின் வேரைக் காண வேண்டும் என்ற வேட்கை இந்த நாட்களில் அவருள் ஆழமாக ஊன்றியது.

போஸ்டனில் இரவுப் பணி

1920களின் தொடக்கத்தில், மாமனாரின் துணையும் அறநிதி உதவியும் கொண்டு அவர் கப்பலேறி அமெரிக்காவின் போஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. எல்.எம்.எஸ். சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே மருத்துவராகப் பணிபுரியவும் முடியாது. ஆகவே ஒரு மருத்துவமனையில் இரவு நேரப் பணியாளராகச் சேர்ந்து, நோயாளிகளின் கழிகலங்களைக் கழுவி வயிற்றைக் கழுவினார். பகலில் படிப்பு.

ஊரில் விட்டு வந்த மனைவி சேஷகிரிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த சில மாதங்களிலேயே இறந்தது. தந்தை அக்குழந்தையைப் பார்க்கவே இல்லை. சுப்பாராவ் அதன்பின் இந்தியாவுக்குத் திரும்பவும் இல்லை. ஆய்வு ஒன்று முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்ற எண்ணம் அடுத்த ஆய்வால் தள்ளிப் போயிற்று. அவருடைய புகழைப் பேசும்போது, திருமணமான சில ஆண்டுகளிலேயே கணவரைப் பிரிந்து காத்திருந்த அந்த அம்மையாரின் வாழ்வையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மை.

1924இல் வெப்பமண்டல மருத்துவப் பட்டயம் பெற்றபின் சுப்பாராவ் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்தார். 1925இல் இருவரும் இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டனர். ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்று உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான். 1927இல் தசைகளில் உள்ள பாஸ்போகிரியாட்டினைக் கண்டறிந்தனர். 1929இல் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதனைக் கண்டறிந்தார். யானை முதல் பாக்டீரியா வரை எல்லா உயிர்களும் ஆற்றலைச் செலவிடப் பயன்படுத்தும் நாணயம் ஏ.டி.பி. என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

1930இல் முனைவர் பட்டம் பெற்றும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பற்றிய முடிவுகள் ஃபிஸ்க்கின் பொறாமையால் வெளிவராமலே போயின என்றும், பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறு சிலர் அவற்றை மீண்டும் கண்டறிய வேண்டியதாயிற்று என்றும், அக்காலத்தில் அத்துறையில் பயின்று 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னர் பதிவு செய்தார்.

பெர்ல் ரிவர் ஆண்டுகள்

1940இல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பெர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் ஆய்வுப் பிரிவின் இயக்குநரானார். அடுத்து வந்த எட்டு ஆண்டுகளில் அவர் வழிநடத்திய குழுக்கள் செய்து முடித்தவை ஒருவர் வாழ்நாளுக்குள் அடங்குவன அல்ல.

முதலாவது, ஃபோலிக் அமிலம். கல்லீரலில் மிக நுண்ணிய அளவில் இருந்த இந்த வைட்டமினைப் பிரித்தறிந்து, 1945இல் ஆய்வகத்திலேயே செயற்கையாகத் தயாரித்தனர். இன்று நம் நாட்டு அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கருவுற்ற பெண்ணுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் இதுவும் ஒன்று.

இரண்டாவது, ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் மருந்துகள். போஸ்டனில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த டாக்டர் சிட்னி ஃபார்பருக்கு லெடர்லி ஆய்வகம் அமினோப்டெரின் என்னும் மருந்தைத் தயாரித்து அனுப்பியது. 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேரின் நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948 ஜூனில் ஃபார்பர் அறிவித்தார். புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை என்ற கதவு அப்போது திறந்தது. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாத நோய்க்கும் கொடுக்கப்படுகிறது.

மூன்றாவது, ஹெட்ராசான் என்ற பெயரில் வந்த டைஎதில்கார்பமசின். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களைக் கொல்லும் மருந்து இது, 1947இல் வெளியானது. இந்நோயை உண்டாக்கும் புழுக்களுள் ஒன்றுக்கு அறிவியல் உலகம் மலாயாவின் பெயரையே சூட்டியிருக்கிறது: புரூகியா மலாயி. 2000களில் மலேசிய அரசாங்கம் யானைக்கால் நோயை ஒழிக்கப் பல இடங்களில் கூட்டாக மருந்து கொடுத்தபோது, கொடுக்கப்பட்ட மருந்துகளில் சுப்பாராவின் ஆய்வகத்தில் பிறந்த இம்மருந்தும் இருந்தது.

மண்ணில் கிடைத்த பொன்

நான்காவது சாதனைதான் மண்ணோடு தொடர்புடையது. மழை பெய்ததும் எழும் மண்வாசனையை நாம் எல்லாரும் அறிவோம். அந்த வாசனைக்குப் பெருங்காரணம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நூலிழை போன்ற மண் பாக்டீரியாக்கள். ஒரு பிடி மண்ணுக்குள் கோடிக்கணக்கான உயிர்கள் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடுகின்றன. அப்போட்டியில் இப்பாக்டீரியாக்கள் சுரக்கும் சில பொருள்கள் மற்ற பாக்டீரியாக்களைத் தடுக்கின்றன அல்லது கொல்கின்றன. 1943இல் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் மண் பாக்டீரியாவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. காசநோய்க்கு மருந்து வந்தது. அதன்பின் மருந்து ஆய்வாளர்கள் மண்ணைத் தேடிப் புறப்பட்டனர்.

பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்று எழுபது வயதைத் தாண்டியிருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கரை லெடர்லி ஆய்வகம் இப்பணியில் அமர்த்தியது. அவர் தமக்குத் தெரிந்தவர்களிடமிருந்தெல்லாம் மண் மாதிரிகளைக் கேட்டு வாங்கினார். மிசூரி பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் வயலில், புல் விளைந்த 23ஆம் எண் பாத்தியிலிருந்து 1945இல் வந்த மண்ணில் பொன்னிறமான ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் வளர்ந்தது. அது சுரந்த பொருளுக்குப் பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஆரியோமைசின் என்று பெயரிட்டனர். அதன் வேதிப்பெயர் குளோர்டெட்ராசைக்கிளின். டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே. பென்சிலின் தொட முடியாத பல கிருமிகளையும் அது அடக்கியது.

1948 ஜூலையில் நியூயார்க்கில் இம்மருந்து அறிவிக்கப்பட்டது. பெருமை டக்கரைச் சேர்ந்தது. ஆய்வகத்தை இயக்கியவர் பின்வரிசையில் இருந்தார். சக ஆய்வாளர்களை முன்னிறுத்துவதே அவர் வழக்கம். அதே 1948ஆம் ஆண்டில்தான் மண் பாக்டீரியா தந்த இன்னொரு மருந்தான குளோராம்பெனிக்கால் நம் கோலாலம்பூருக்கு வந்தது. அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடலின் குழு, 1900ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் தங்கி, உண்ணிகளால் பரவும் புதர் டைபஸ் காய்ச்சலுக்கு அதைக் கொடுத்து வெற்றி கண்டது. புதர் டைபஸ் என்று தவறாகக் கருதி மருந்து கொடுக்கப்பட்ட டைபாய்டு நோயாளிகளும் குணமடையவே, டைபாய்டுக்கும் மருந்து உண்டு என்பது இந்நகரில்தான் தெரிய வந்தது.

சுப்பாராவின் கதையில் மனத்தை நெகிழ வைக்கும் செய்தி ஒன்று உண்டு. வெப்பமண்டல ஸ்ப்ரூ நோய்க்கு இன்று மருத்துவர்கள் கொடுக்கும் மருந்துகள் இரண்டு: ஒன்று ஃபோலிக் அமிலம், மற்றொன்று டெட்ராசைக்கிளின். ஒன்று அவர் குழு தயாரித்தது; மற்றொன்று அவர் குழு கண்டறிந்த மருந்தின் வழித்தோன்றல். சகோதரர்களைப் பறித்த நோய்க்கு அவர் ஆய்வகத்திலிருந்தே மருந்து வந்தது. அவர்களுக்குத்தான் காலம் கடந்துவிட்டது.

ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட அடுத்த மாதமே, 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெறாமல் இறுதிவரை இந்தியராகவே வாழ்ந்தார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. பூஞ்சை ஒன்றுக்கு அவர் நினைவாகச் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தனர். 1995இல், அவர் பிறந்த நூறாவது ஆண்டில், இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

மருந்து திரும்பி வந்த வழி

அவர் மறைந்த சிறிது காலத்திலேயே அதே லெடர்லி ஆய்வகத்தில் இன்னொன்று தெரிய வந்தது. தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டாக்ஸ்டாடும் ஆரியோமைசின் தயாரித்தபின் எஞ்சிய கசடைக் கோழிக் குஞ்சுகளுக்குத் தீவனத்தோடு கொடுத்துப் பார்த்தனர். குஞ்சுகள் வழக்கத்தைவிட விரைவாக வளர்ந்தன. 1950இல் இச்செய்தி வெளியானதும், நோயில்லாத கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. நோயாளிக்கு ஒரு வாரம் கொடுக்க வேண்டிய மருந்து, பண்ணை விலங்குகளுக்கு நாள்தோறும் கொடுக்கப்பட்டது. சாணத்தின் வழியாக அது வயலுக்கு வந்தது. மண்ணிலிருந்து எடுத்த மருந்து, எடுத்ததைவிடப் பன்மடங்காக மண்ணுக்கே திரும்பியது.

ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதை 2006இல் நிறுத்தியது. மலேசியாவில் கோலிஸ்டின் என்னும் மருந்தைத் தீவனத்தில் கலப்பது 2019இல் தடை செய்யப்பட்டது. மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவோ தனிக் கதை. இந்தியாவின் ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், பல மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டனர். அது சுத்திகரிக்கப்பட்ட பிறகு எஞ்சிய அளவு!

இதனால் என்ன கேடு? ஆற்று நீரைக் குடித்தால் உடனே மயங்கி விழுவோம் என்பதன்று. சிறு அளவு மருந்திலேயே நாள்தோறும் ஊறும் பாக்டீரியாக்கள் அம்மருந்தைத் தாங்கப் பழகுகின்றன. தாங்கும் மரபணுவை மற்ற பாக்டீரியாக்களுக்கும் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்று நோய்க்கிருமியாக நம்மிடம் வரும்போது, மருத்துவர் கையில் உள்ள மருந்து வேலை செய்யாமல் போகிறது. சுப்பாராவின் சகோதரர்கள் காலத்தில் மருந்து இல்லாமல் இறந்தார்கள். நம் காலத்தில் மருந்து இருந்தும் இறக்கும் நிலை வரக்கூடும்.

மண் பாக்டீரியா உண்ணும் மருந்து

இனி நம் கேள்விக்கு வருவோம். மருந்தைச் சுரக்கும் பாக்டீரியா மண்ணில் உண்டென்றால், அதை உண்ணும் பாக்டீரியாவும் அங்கே இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது. 2008இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள் 11 இடங்களின் மண்ணை எடுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லியைத் தவிர வேறு கரிம உணவே கொடுக்காமல் வளர்த்தனர். அவர்கள் சோதித்த 18 மருந்துகளில் ஒவ்வொன்றையும் உண்டு வாழும் பாக்டீரியா ஏதோ ஓரிடத்து மண்ணில் இருந்தது. சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி தராத அதே கல்விக்கூடத்திலிருந்து இம்முடிவு வந்தது.

பாக்டீரியா மருந்தை எப்படி உண்கிறது? நாம் அதிகம் விழுங்கும் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். சூடோமோனாஸ் வகையைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள் முதலில் ஒரு நொதியால் அம்மூலக்கூறின் பக்கக்கிளையை வெட்டுகின்றன. பின்னர் எஞ்சிய வளையத்தை ஹைட்ரோகுவினோனாக மாற்றி, வளையத்தை உடைத்துத் திறக்கின்றன. திறந்த வளையம் அவற்றுக்குச் சாதாரண உணவு. அதை எரித்து, சுப்பாராவ் பிரித்தெடுத்த அதே ஏ.டி.பி.யை உண்டாக்கிக்கொள்கின்றன. முடிவில் மிஞ்சுவது கரியமில வாயுவும் நீரும் சிறிது நைட்ரஜனும்தான்.

எல்லா மருந்தும் இப்படி எளிதில் மசிவதில்லை. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 1999 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் ஓர் ஆய்வு நடந்தது. வயல் பாத்திகளில் ஆண்டுதோறும் மூன்று கால்நடை மருந்துகளைக் கலந்தனர். ஆண்டுகள் சென்றபின் சோதித்தபோது, சல்ஃபாமெத்தசின், டைலோசின் ஆகிய இரண்டும் அந்த மண்ணில் மிக விரைவாகச் சிதைந்தன. மருந்துக்குப் பழகிய மண் அவற்றை உணவாகக் கொள்ளக் கற்றிருந்தது. சல்ஃபாமெத்தசினை உண்ணும் மைக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவையும் அம்மண்ணிலிருந்து பிரித்தெடுத்தனர். மூன்றாவது மருந்து மட்டும் முன்போலவே மெதுவாகச் சிதைந்தது. அது குளோர்டெட்ராசைக்கிளின், சுப்பாராவின் ஆய்வகம் மண்ணிலிருந்து எடுத்த அதே ஆரியோமைசின்.

டெட்ராசைக்கிளின் வகை மருந்துகள் களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. ஒட்டிக்கொண்ட மருந்தைப் பாக்டீரியா எட்ட முடிவதில்லை. ஆயினும் அதற்கும் வழி முற்றாக அடைபடவில்லை. டெட்ராசைக்கிளினைச் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் மண்ணில் இருப்பதை 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். ஆனால் இங்கே ஒரு முள்ளும் இருக்கிறது. மருந்தைச் சிதைக்கும் மரபணு, பாக்டீரியாவை அம்மருந்திலிருந்து காக்கும் மரபணுவும் ஆகும். சுத்தம் செய்ய நாம் வளர்க்கும் பாக்டீரியாவிடமிருந்து அந்த மரபணு நோய்க்கிருமிக்குப் போய்விட்டால், நாமே திருடனுக்குச் சாவி கொடுத்ததாகும். ஆகவே உயிருள்ள பாக்டீரியாவை ஆற்றில் கொட்டிவிடுவது தீர்வாகாது. மூடிய தொட்டியில் வளர்ப்பது, நொதியை மட்டும் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவது, வெளியேறும் நீரில் மருந்தை மட்டுமன்றி மரபணுவையும் சோதிப்பது ஆகிய வழிகளில் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

நம் வாசலில்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அங்கே ஒரு காலத்தில் இருந்த செங்கல் சூளைகளால் வந்தது. கோலாலம்பூரைக் கட்டிய செங்கல் அவ்வட்டாரத்துக் களிமண்ணில் உருவானது. இன்று அங்கே சூளை இல்லை. அடுக்குமாடி வீடுகளும் உணவகங்களும் மருந்தகங்களும் இருக்கின்றன. அதனை அடுத்த பந்தாய் டாலாமில் நிலத்துக்கடியில் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது, மேலே பூங்கா. மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து அது தொலைவில் இல்லை. இத்தகைய நிலையங்களில் காற்றைச் செலுத்திப் பாக்டீரியாக்களைப் பெருக்கி, அவற்றைக் கொண்டே அழுக்கை உண்ணச் செய்கிறார்கள். நாம் உண்ட பாராசிட்டமாலின் பெரும்பகுதி இத்தகைய தொட்டிகளிலேயே மறைந்துவிடும். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமாசெபின் போன்றவை அசையாமல் கடந்து போய்விடும். தொட்டியில் உயிருள்ள பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்று அறிய இன்று பயன்படும் சோதனைகளுள் ஒன்று ஏ.டி.பி.யை அளப்பது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

சுத்திகரித்த நீர் எப்படி இருக்க வேண்டும் என்பதை மலேசியாவில் 2009ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரக் கழிவுநீர் விதிகள் வரையறுக்கின்றன. அழுக்கின் அளவு, எண்ணெய், அம்மோனியா முதலியவற்றுக்கு அதில் வரம்பு உண்டு. மருந்துகளுக்கு வரம்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2024இல் பெரிய நகரங்களின் கழிவுநீரிலிருந்து மருந்துச் சுவடுகளையும் நீக்க வேண்டும் என்றும், செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, ஒப்பனைப் பொருள் நிறுவனங்களே ஏற்க வேண்டும் என்றும் சட்டம் செய்தது. அளக்க வேண்டும் என்ற விதி இல்லாத இடத்தில் அளப்பவர் குறைவு. அளக்காததை யாரும் நீக்குவதும் இல்லை.

மாணவர்கள் இன்றே செய்யக்கூடிய சிறு செயலும் உண்டு. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டாமல், அரசாங்க மருத்துவமனை அல்லது சுகாதார நிலையத்தின் மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம். சுகாதார அமைச்சு அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறது. கிள்ளானில் இருக்கும் பாட்டியின் அலமாரியில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வாங்கிச் சேர்ந்த மாத்திரைகள் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால், இதன் தேவை விளங்கும். மருத்துவர் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லியைச் சொன்னபடி உண்பதும், சளிக்கெல்லாம் அதைக் கேட்காமல் இருப்பதும் இதில் அடங்கும்.

ஆய்வுத் துறையில் நுழையப் போகும் மாணவருக்குப் பணி இன்னும் பெரிது. வெப்பமண்டலத்து ஈர மண்ணில் பாக்டீரியாக்களுக்குக் குறைவில்லை. செம்பனைத் தோட்டத்து மண், கோழிப் பண்ணைக்கு அருகிலுள்ள மண், கிள்ளான் ஆற்றுக் கழிமுகத்துச் சேறு ஆகியவற்றில் எந்தப் பாக்டீரியா எந்த மருந்தை உண்கிறது என்று தேட, டக்கர் செய்தது போல ஊர் ஊராக மண் மாதிரி கேட்டு வாங்கும் பொறுமை வேண்டும். இரவில் கழிகலம் கழுவிப் பகலில் பாஸ்பரஸ் அளந்த சுப்பாராவின் விடாமுயற்சி வேண்டும். மூன்றாம் முறை எழுதித் தேறியவர் அவர் என்பதும் நினைவிருக்கட்டும்.

மண்ணிலிருந்து மருந்தை எடுத்துத் தரும் பணியை அவர் தலைமுறை செய்து முடித்தது. எடுத்ததை மண் தாங்கும் வண்ணம் அதனிடம் ஒப்படைக்கும் பணி மீதமிருக்கிறது. அதனைச் செய்ய வேண்டியவர்கள் இன்று நம் விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருப்பவர்களே.